ராகு காலத்துப் பொருத்தம்

இது நடந்த கதை. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் படித்து முடித்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல எங்கய்யா பேய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். சரளாவும் முதலில் அதைத்தான் கேட்டாள். அவள் இருட்டைக் கண்டு நடுங்குகிற ரகம் இல்லை. பதினான்கு வருஷமாகக் கல்யாணத் தகவல் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வீட்டாரையும் பெண் வீட்டாரையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சமாளித்தவளுக்குப் பேயெல்லாம் எம்மாத்திரம்? இப்போது கேட்டாலும் நாள், நேரம் மாறாமல் சொல்வாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் குரல் உடையும். அது பயத்தினால் இல்லை.

அல்சூரில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த ஆபீஸ். நடத்துகிறவர் முனிகிருஷ்ணன். ஒரு மேஜை, நான்கு நாற்காலி, ஒரு லேண்ட்லைன் போன், ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு டேட்டாபேஸ் புரோகிராம். பல வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு இன்ஜினியரிங் மாணவன் எழுதிக் கொடுத்தது. பெண்ணின் எண்ணைப் போட்டு 'பொருத்தம்' என்ற பட்டனை அழுத்தினால், உள்ளே இருக்கிற அத்தனை பையன்களின் ஜாதகத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பத்துப் பொருத்தமும் பார்க்கும். பார்த்து முடிக்கும்வரை கம்ப்யூட்டருக்கு வேறு எதற்கும் மூச்சு இருக்காது. மௌஸ் நகராது. உள்ளே இருக்கும் காற்றாடி உய்ய்ய்... என்று கத்தும். அந்த ஐந்து நிமிஷத்தில் வந்தவர்களுக்குக் காபி வரவழைப்பது ஆபீஸ் வழக்கம். "மாப்பிள்ளை கிடைக்கறதுன்னா சும்மாவா?" என்று முனிகிருஷ்ணன் சிரிப்பார்.

சரளாவுக்கு ஒரே பெண், விஜி. புருஷன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவளும் பெண்ணும்தான். விஜிக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வாரம் முழுக்க அங்கேயே பி.ஜி.யில் தங்கிவிட்டு, சனிக்கிழமையானால் அம்மாவின் ஆபீஸுக்கு வந்து பக்கத்து நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வாள். மூல நட்சத்திரம், போதாக்குறைக்குச் செவ்வாய் தோஷம். ஊரில் பாதிப் பேருக்கு வரன் பார்த்துக் கொடுத்த சரளாவுக்குத் தன் பெண்ணுக்கு ஒன்று அமையவில்லை. விஜியே தன் எண்ணைத் தட்டிப் பட்டனை அழுத்துவாள். காற்றாடி கத்தி ஓயும். 'பொருத்தம் இல்லை' என்று வரும்.

"உன் கம்ப்யூட்டருக்கே என்னைப் புடிக்கலம்மா" என்று சிரிப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கார்த்திகை மாதம், அவளுக்கு டெங்கு வந்தது. நான்கே நாள். வயது இருபத்தாறு.

காரியமெல்லாம் முடிந்து ஆபீஸுக்கு வந்த முதல் நாள், விஜியின் ஜாதகத்தை மூடிவிடலாம் என்று சரளா திறந்தாள். மூடுவதென்றால் காரணம் சொல்ல வேண்டும். புரோகிராமில் இருப்பது இரண்டே காரணங்கள். 'திருமணம் முடிந்தது.' 'விலகிக்கொண்டார்.' மூன்றாவதாக ஒன்று தேவைப்படும் என்று அந்த மாணவனுக்குத் தோன்றவில்லை. கல்யாண ஆபீஸில் அதை யார் நினைப்பார்கள்? சரளா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இரண்டும் பொய். மூடாமலே விட்டுவிட்டாள்.

அப்புறம் ஒன்றைக் கவனித்தாள். அந்தப் புரோகிராம் பிறந்த தேதியை வைத்துக்கொண்டு வயதைத் தானே கணக்குப் போடும். விஜிக்கு இருபத்தேழு ஆனது. இருபத்தெட்டு ஆனது. பிறந்த நாளன்று சரளா விடிந்ததும் வந்து, வேறு எதையும் தொடாமல் முதலில் அதைத் திறந்து பார்ப்பாள். அவள் பெண்ணுக்கு வயது ஏறிக்கொண்டிருந்த ஒரே இடம் அதுதான். வீட்டில் மாலை போட்ட படத்தில் விஜி இருபத்தாறிலேயே நின்றுவிட்டாள்.

இந்த ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் வரன் தேடி வரமாட்டார்கள். ஒட்டடை அடிப்பது, வெள்ளை அடிப்பது எல்லாம் அப்போதுதான். முனிகிருஷ்ணன் இந்த முறை வேறு ஒன்றும் சொன்னார்.

"சரளாம்மா, இந்த டப்பா கம்ப்யூட்டருக்கு முழுக்குப் போட்டுடலாம். ஆவணியில புதுசு வாங்கறேன். பழைய ஜாதகம்லாம் தூக்கிடுங்க. அசையாம கெடக்கிறதை வெச்சுக்கினு என்னா பண்றது?"

"சரிங்க சார்" என்றாள் சரளா. விஜி இன்னொரு முறையும் போகப் போகிறாள். அதைத் தடுக்க என்ன சொல்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

அதற்கு மறுநாள்தான் ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை. மத்தியானம். ஆபீஸில் அவள் மட்டும். பீரோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் திடீரென்று...

உய்ய்ய்...

திரும்பினாள். கம்ப்யூட்டரின் காற்றாடி. மௌஸை அசைத்தாள். அசையவில்லை. சுவரில் மணி மூன்று அடித்து நான்கு நிமிஷம். யாரும் பட்டனை அழுத்தவில்லை. ஐந்து நிமிஷம் பார்த்தாள், பத்து நிமிஷம் பார்த்தாள். ஓயவில்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டாள்.

புதன்கிழமை டிபன் டப்பாவைத் திறக்கும்போது மறுபடி கத்தியது. வியாழக்கிழமையும் கத்தியது. முனிகிருஷ்ணன் சுஹாஸைக் கூப்பிட்டார்.

சுஹாஸ் பிரேசர் டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். சொந்த ஊர் மங்களூரைத் தாண்டிப் புத்தூர்ப் பக்கம். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அதனால் இந்த ஆபீஸுக்கு வந்தால் மட்டும் கொஞ்சம் கூச்சப்படுவார். எல்லாவற்றையும் கழற்றித் தூசி தட்டினார். வைரஸ் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"ஆன்ட்டி, மெஷின் நல்லா இருக்கு. இந்த டேட்டாபேஸ் ஒண்ணுதான் பிராசஸர நூத்துக்கு தொண்ணூத்தொம்போது புடிச்சிக்குது. ஏனோ ஒண்ணத் தேடிட்டே இருக்கு. யாரு ஸ்டார்ட் மாடித்து... யாரு பண்ணது?"

"யாரும் இல்லப்பா. நான் மட்டும்தான் இருந்தேன்."

"விசித்ர" என்றார் சுஹாஸ். எப்போது ஆரம்பிக்கிறது, எந்த எண்ணுக்குத் தேடுகிறது என்பதையெல்லாம் அதுவே குறித்துக்கொள்கிற மாதிரி ஏதோ ஒரு செட்டிங் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வந்து திறந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"டைம்ல ஒரு பேட்டர்னே இல்ல ஆன்ட்டி. செவ்வாய் மூணு மணி. புதன் பன்னெண்டு. வியாழன் ஒண்ணரை. வெள்ளி பத்தரை. சனி ஒம்போது. சண்டே..."

"நாலரை" என்றாள் சரளா.

"ஹௌது, ஆமா! எப்படிச் சொன்னீங்க?"

பதினான்கு வருஷமாகச் சரளாவுக்கு மனப்பாடமான நேரங்கள் அவை.

ராகு காலம்.

அந்த நேரத்தில் பொருத்தம் பார்க்கிற கை அந்த ஆபீஸில் கிடையாது. வருகிறவர்கள்கூடக் கீழே பாத்திரக் கடையில் நின்று குண்டான் விலை கேட்டுப் பொழுதை ஓட்டிவிட்டு, ராகு காலம் கழிந்த பிறகுதான் படியேறுவார்கள். உயிரோடு இருக்கிற யாரும் அந்த நேரத்தில் கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை. அந்த நேரம் காலியாகக் கிடக்கும். அதை யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தேடறது எல்லாம் ஒரே நம்பருக்குத்தான் ஆன்ட்டி" என்று சுஹாஸ் அதைத் திறந்தார்.

திரையில் விஜி சிரித்தாள்.

"இது யாரு?"

"என் பொண்ணு."

"மதுவே... கல்யாணம் ஆயித்தா?"

"இல்லப்பா. ரெண்டு வருஷம் ஆச்சு அவ போயி" என்றாள்.

சுஹாஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டார். வெளியே எடுத்தார். மறுபடியும் போட்டார்.

"ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. எங்க ஊர்ல, கல்யாணம் ஆகாம செத்துப்போன பிள்ளைங்களுக்கும் கல்யாணம் பண்ணி வெப்பாங்க. செத்த பொண்ணுக்கு செத்த பையன். ஜாதகம் பார்த்து, நிச்சயம் பண்ணி, சேலை, தாலி எல்லாம் வெச்சு. எங்க சித்தப்பாக்கே பண்ணிருக்கு. ஆட்டி மாசத்துலதான் பண்ணுவாங்க. நீங்க ஆடின்னு சொல்றீங்களே, அதே மாசம்."

"பண்ணலன்னா?"

அவர் வாசலைப் பார்த்தார்.

"பண்ணலன்னா... அவங்க உயிரோட இருக்கிறவங்களத் தேடுவாங்கன்னு எங்க அம்மா சொல்வாங்க. நானு நம்பல ஆன்ட்டி. சும்மா சொன்னேன்."

அன்றிலிருந்து ராகு காலம் வந்தால் சரளா கம்ப்யூட்டரின் ஸ்விட்சை அணைத்துவிடுவாள். அணைக்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். பிள்ளை எதையோ கேட்கிறாள், நான் வாயைப் பொத்துகிறேன் என்று தோன்றும். வீட்டில் போய் விஜியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "உனக்கு என்னடி வேணும், எங்கிட்ட சொல்லேன்" என்று கேட்பாள். படம் ஒன்றும் சொல்லாது.

ஆடி கடைசி வெள்ளி வந்தது.

முனிகிருஷ்ணன் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் போய்விட்டார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு சுஹாஸ் வருவாரு. எல்லாத்தையும் அழிச்சிடச் சொல்லுங்க" என்று போகும்போது சொன்னார். சரளா விஜியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். சாயங்காலத்துக்குள் எவ்வளவு நேரம் பார்க்க முடியுமோ அவ்வளவு நேரம் பார்த்துவிட வேண்டும்.

மணி பத்தரை.

உய்ய்ய்...

இந்த முறை அவள் அணைக்கவில்லை. அணைக்க மனசு வரவில்லை. இதுதான் கடைசி முறை.

"தேடிக்கோ" என்றாள். "தேடிக்கோடி."

காற்றாடி ஒரு நொடி தணிந்தது. யாரோ காது கொடுத்துக் கேட்பதைப் போல. பிறகு முன்னைவிட வேகமாகக் கத்தியது.

சரளா பெட்டியின் மேல் கையை வைத்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போலக் கொதித்தது.

பதினொன்று இருபதுக்குக் கரண்ட் போனது.

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றி நின்றது. கீழே பாத்திரக் கடையில் விளக்கு அணைந்தது. தெருவில் யாரோ மின்வாரியத்தைத் திட்டினார்கள்.

கம்ப்யூட்டர் மட்டும் அணையவில்லை.

அதற்கு யு.பி.எஸ். இருந்தது, வாஸ்தவம். ஆனால் அதன் பாட்டரி செத்து ஆறு மாதம் ஆகிறது. சரளாவே அதன் மேல் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

உய்ய்ய்... உய்ய்ய்...

பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று பயம். இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பயம்.

பதினொன்று நாற்பத்தேழு.

சத்தம் நின்றது.

அவ்வளவு அமைதியை அந்த ஆபீஸில் அவள் கேட்டதே இல்லை.

திரையில் ஒரு பெயர்.

முகேஷ். தகப்பனார் அப்பாதுரை. மர்ஃபி டவுன். வயது முப்பது. செவ்வாய் தோஷம் உண்டு. பொருத்தம்... பத்துக்குப் பத்து.

பதினான்கு வருஷத்தில் அவள் பத்துக்குப் பத்து பார்த்ததில்லை.

பக்கத்தில் போட்டோ. நல்ல பையன். தாடையில் ஒரு சின்னத் தழும்பு. பின்னால் நீலத் திரை. அந்த ஆபீஸ் மூலையில் தொங்குகிற அதே திரை. போட்டோ கொண்டுவராமல் வருகிறவர்களை அதன் முன்னால் உட்கார வைத்துச் சரளாதான் படம் எடுப்பாள். ஆனால் இந்த முகத்தை எடுத்ததாக அவளுக்கு நினைவில்லை. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வந்திருப்பான் என்று நினைத்தாள்.

அப்போது பிரிண்டர் கரகரவென்று ஓடித் தாளைத் தள்ளியது.

கரண்ட் இல்லாமல்.

முகேஷ் பெயர் மேலே. விஜி பெயர் கீழே.

சுஹாஸ் சொன்னது காதில் கேட்டது. உயிரோட இருக்கிறவங்களத் தேடுவாங்க. தேடியாகிவிட்டது. இதே ஊரில், ஆட்டோவில் போனால் கால் மணி தூரத்தில், பெற்றவர்கள் இருக்கிற ஒரு பிள்ளை.

தாளில் இருந்த எண்ணுக்கு ஆபீஸ் போனிலிருந்து அடித்தாள். மணி பதினொன்று ஐம்பது.

"வணக்கங்க. முகேஷ் வீடுங்களா?"

எதிர்ப்பக்கம் ஒரு பெரியவர் குரல் வெடித்தது.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? யாரும்மா நீ? ஏம்மா எங்க உசுர வாங்கறே?"

போன் வைக்கப்பட்டது.

மறுபடியுமா? என்ன மறுபடியும்? சரளாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. அந்த வீட்டில் ஏற்கெனவே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது.

விஜி நல்ல பெண். ஒரு ஈயை அடிக்கமாட்டாள். ஆனால் இப்போது அவள் என்னவாக இருக்கிறாள் என்று பெற்றவளுக்கே தெரியாது. நான் பட்டது போதும், இன்னொருத்திக்கு வேண்டாம் என்று சரளா நினைத்தாள். சாயங்காலம் சுஹாஸ் வந்து அழிக்கட்டும் என்று காத்திருக்க முடியாது. அழிப்பதானால் பெற்றவள் கையால்தான் அழிக்க வேண்டும்.

'அழித்தால் திரும்ப வராது. அழிக்கவா?' என்று கேட்டது புரோகிராம்.

விஜி சிரித்துக்கொண்டிருந்தாள். வயது 28.

"என்னை மன்னிச்சிடுடி."

அழுத்தினாள்.

விஜி இல்லை.

திரை கறுத்தது. கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் அடங்கிப் போனது. சரளா மேஜையில் தலையை வைத்து அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழவில்லை. அங்கே செய்தது டெங்கு. இங்கே செய்தது அவள் கை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளை மடித்து எடுத்து, ஆபீஸைப் பூட்டினாள். சாவியைக் கைப்பையில் போட்டாள். கீழே பாத்திரக் கடையில் மணி பன்னிரண்டு. அந்தப் பையனை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு எப்படியாவது தூங்கிவிடலாம் என்று ஆட்டோ ஏறினாள்.

மர்ஃபி டவுனில் சந்துக்குள் சின்ன வீடு. கதவு திறந்திருந்தது. பனியனும் லுங்கியுமாக ஒரு பெரியவர் வாசலில் நின்றார்.

"போன் பண்ணது நீதானா?"

"ஆமாங்க ஐயா. கோச்சுக்காதீங்க. தம்பி முகேஷ் நல்லா இருக்காரான்னு ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன். வேற ஒண்ணும் வேணாம்."

அவர் முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்தது. அவளையே பார்த்தார். பிறகு கையை நீட்டிச் சுவரைக் காட்டினார்.

பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு சின்னப் பையன். முன்பல் இரண்டு இல்லை. படத்துக்குச் சந்தன மாலை.

"ஏழு வயசும்மா. மஞ்சக்காமாலை. இருந்திருந்தா இந்த ஐப்பசிக்கு முப்பத்தொண்ணு."

சரளாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. உயிரோடு இருக்கும் ஒரு பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்ற நிம்மதி. அடுத்த நொடியே, இன்னொரு தாயின் துக்கத்தில் நிம்மதி தேடிய தன்னை நினைத்துக் கூசினாள். அதற்கும் பிறகுதான் கையில் இருக்கும் தாள் ஞாபகம் வந்தது.

மீசை வைத்த ஆளின் போட்டோ.

நீலத் திரைக்கு முன்னால்.

மறைக்கப் பார்த்தாள். அதற்குள் அப்பாதுரை வாங்கிவிட்டார். பார்த்தார். உள்ளே திரும்பி, "ஏ... இங்க வா, சீக்கிரம் வா" என்றார்.

அவர் மனைவி வந்தாள். தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு விரலால் அந்தத் தாடைத் தழும்பைத் தொட்டாள்.

"நாய் கடிச்சது. அஞ்சு வயசுல" என்றாள். "எம்புள்ள."

"ஜாதகம் எங்க கல்யாண ஆபீஸுக்கு எப்படி வந்துச்சுன்னே தெரியலம்மா" என்றாள் சரளா.

"நாங்க யாருக்கும் குடுக்கல. பொட்டியில இருக்குது. பூட்டுத் தெறந்தே வருஷமாச்சு" என்றார் அப்பாதுரை.

அந்த அம்மாள் பயப்படவில்லை. அதுதான் சரளாவுக்கு ஆச்சரியம். தாளை மடியில் வைத்துக்கொண்டு, வளர்ந்துவிட்ட மகனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் சரளாவுக்குத் தான் செய்தது உறைத்தது. விஜி உயிரோடு இருப்பவனைத் தேடவில்லை. தேட வேண்டிய இடத்தில் தேடி, யாருக்கும் தொல்லை இல்லாத நேரத்தில் தேடி, தனக்கு ஏற்றவனைக் கண்டுபிடித்திருக்கிறாள். கண்டுபிடித்த கையோடு அம்மா அவளை அழித்துவிட்டாள்.

"ஐயோ... அழிச்சிட்டேனே... எம்பொண்ண நானே அழிச்சிட்டேனே..."

தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மாள் உள்ளே போனாள். தட்டில் காபி கொண்டுவந்தாள். அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர். தட்டில் டம்ளர் ஐந்து.

"அழாதீங்க சம்பந்தி" என்றாள்.

சரளா நிமிர்ந்தாள்.

"ஆடி பொறந்ததுலேருந்து ஒரு பொண்ணு போன் பண்ணும். முகேஷ் இருக்காரான்னு கேக்கும். இவரு கத்திட்டு வெச்சிடுவாரு. இவரு இல்லாதப்ப நான் பேசுவேன். சாப்ட்டீங்களா அத்தைன்னு கேக்கும். பேரு விஜின்னு சொல்லுச்சு."

அப்பாதுரை வீட்டிலேயே கிடக்கும் செல்போனை எடுத்து நீட்டினார். வரிசையாக ஒரே எண். சரளாவின் ஆபீஸ் எண். செவ்வாய் மூன்று மணி, புதன் பன்னிரண்டு... அந்த நேரங்களில் எல்லாம் அந்தப் போன் சரளாவின் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

மேலே கடைசியாக ஒன்று. இன்று. பன்னிரண்டு ஐந்து.

ராகு காலம்கூட முடிந்துவிட்ட நேரம். ஆபீஸ் பூட்டியிருந்தது. சாவி சரளாவின் பையில் இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே..." சரளாவின் குரல் உடைந்தது. "இன்னிக்கி... இன்னிக்கி என்ன சொன்னா?"

அந்த அம்மாள் குனிந்து அவள் கையில் காபியை வைத்தாள். திரும்பி, வீட்டின் உள் அறையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா வருவாங்க, எதையோ அழிச்சிட்டேன்னு அழுவாங்க. நான் நல்லபடியா இங்க வந்து சேந்துட்டேன்னு சொல்லிடுங்க அத்தைன்னு சொல்லுச்சு."